சருகுக்கு எந்த ர

"மேற்படி மரம் நாளொன்றுக்கு நாற்பதாயிரம் இலைகளை உதிர்த்து, மனுதாரரை உயிரோடு புதைத்து வருகிறது" என்று என் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார் மரம் வெட்டுபவர்.

சிரிக்கவில்லை. அரசாங்க முத்திரை விழுந்த தாளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.

"மனுதாரர் யாரு சார்?"

"புதைஞ்சு போனவன் நான்தான்" என்றேன்.

தோளில் கயிறு, இடுப்பில் அரிவாள், பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி. பக்கத்து வீட்டு வாதுமை மரத்தை இன்றே வெட்டலாம் என்று நகராட்சி உத்தரவு கொடுத்துவிட்டதாம்.

மனுவை எழுதியவன் நான். அனுப்பியவன் நானில்லை.

முப்பத்தாறு வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தியவன், அந்தப் பதினேழு மனுக்களில் ஒன்றுக்குக்கூடத் தபால்தலை ஒட்டியதில்லை. அவற்றின் விலாசமே வேறு. மதிலுக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் என் மச்சான். மனைவியின் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதர். மரம் அவருடையது. இலை மட்டும் எனக்கு.

சாதாரண இலையா அது? ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்தால் குடும்பமே நனையாமல் கடைக்குப் போய் வரலாம். ஒருமுறை நாற்காலியில் கண்ணயர்ந்து எழுந்தபோது மூக்கு மட்டும்தான் வெளியே இருந்தது.

ஓய்வு பெற்ற மறுநாளே எல்லாவற்றையும் கூட்டிக் குவித்துத் தீப்பெட்டியை எடுத்தேன். மதிலுக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை உதித்தது.

"எரிக்காதீங்க மாப்ளே. வேண்டாம்னா இந்தப் பக்கம் கொட்டுங்க."

கொட்டினேன். பதினோரு வருடம், தினம் ஒரு கூடை. அவர் டீ குடிக்கும் நேரம் பார்த்து, டம்ளருக்குள் ஒரு இலையாவது விழும்படி குறிபார்த்துக் கொட்டினேன்.

அவர் கம்பி வலையில் ஆளுயரக் கூண்டு கட்டி வைத்திருந்தார். சருகு ஒரு அடுக்கு, ஒரு கை மண், கொஞ்சம் தண்ணீர். பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுவார். வருடம் திரும்புவதற்குள் கறுப்பாக, உதிரியாக, முதல் மழை வாசனையோடு ஒரு மூட்டை உரம் மதில் மேல் வந்து உட்காரும்.

"உங்க சருகுதான் மாப்ளே. திருத்தி அனுப்பியிருக்கேன்."

மனுக்களும் அப்படித்தான். நான் எழுதி மதிலுக்கு மேலே நீட்டுவேன். அவர் சிவப்புப் பேனாவால் திருத்தி மறுநாள் என்னிடம் காட்டிச் சிரித்துவிட்டு, தன் கோப்பில் வைத்துக்கொள்வார். சருகு என்பதை நான் எப்போதும் சறுகு என்றுதான் எழுதுவேன். முதலில் தெரியாமல். பிறகு, அவர் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்ப்பதற்காகவே.

"ரெண்டும் மதிலுக்கு ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடம் நடத்துதுங்க. ஒண்ணாவது பாஸாகுதா" என்பாள் என் மனைவி.

மரம் வெட்டுபவரிடமிருந்து மனுவை வாங்கிப் பார்த்தேன். பதினேழாவது. பதினோரு இடத்தில் சறுகு. சிவப்பு மை ஒரு பொட்டுக்கூட இல்லை.

ஞாபகம் வந்துவிட்டது.

இந்த மனு மறுநாள் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. "அண்ணனுக்குக் காய்ச்சல்" என்று மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு போய் வந்துகொண்டிருந்தாள். "என் பிழையைப் பார்த்து வந்த காய்ச்சலா இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள், அவரை வம்புக்கு இழுத்து எழுப்பியே தீருவதென்று, கூடையை மதிலோரம் கவிழ்த்துப் பற்றவைத்தேன்.

புகை நேராக அவர் ஜன்னலுக்குள் போனது. வழுக்கைத் தலை உதிக்கும், திட்டும் என்று இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தேன்.

தலை வரவில்லை. ஜன்னல் திறந்தே கிடந்தது.

மறுநாள் என் மனைவிதான் போய் அதை மூடிவிட்டு, அழுதுகொண்டு வந்தாள்.

காரியம் முடிந்து வீட்டைப் பூட்ட வந்த அவர் மகன் மேசையில் கோப்பைப் பார்த்திருக்கிறான். பாவம் மாமா, இத்தனை வருடம் இலையில் அவதிப்பட்டிருக்கிறார், அப்பா அனுப்ப மறந்துவிட்டார் என்று பதினேழையும் தபாலில் சேர்த்துவிட்டான். நல்ல பிள்ளை. சிவப்புக் கோடு போட்ட பதினாறையும் நகராட்சி திருப்பி அனுப்பிவிட்டது. சுத்தமாக இருந்த ஒன்று மட்டும் பாஸாகிவிட்டது.

"ஏறட்டுமா சார்?"

"வேண்டாம்பா. இப்போ அந்தக் கூண்டுக்கு நான்தான் தண்ணி தெளிக்கிறேன். இலை இல்லாம கூண்டு என்ன பண்ணும்?"

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னை. "மனுதாரரே வேண்டாம்னு எழுதிக் குடுத்தா நான் ஏன் சார் ஏறப்போறேன்" என்றார்.

மதில் மேலேயே தாளை வைத்து எழுதினேன். என் மனுவை வாபஸ் பெறுகிறேன். மேற்படி மரத்தின் சறுகு முழுவதையும் ஒன்றுகூட எரிக்காமல் நானே அள்ளிக்கொள்கிறேன்.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

மரம் வெட்டுபவர் இந்தப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "சார், இங்க" என்றார் மெதுவாக.

நான் தாளை மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தேன்.