அவள் உயரத்துக்கு ஒரு கோல்

"பிளாஸ்டிக் குழாய் வேண்டாம்ணா. எத்தனை தடவை சொல்றது?"

ஹார்டுவேர் கடை முக்காலியில் உட்கார்ந்தபடியே தங்கை கையை ஆட்டினாள். அண்ணன் அந்த வெள்ளைக் குழாயைக் கீழே வைக்கவில்லை. இருபது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறவன். சுவருக்குள் புதைத்தால் ஐம்பது வருடம் அசையாமல் கிடக்கிற பொருளை ஒருத்தி வேண்டாம் என்றால், அது அவனைப் பெற்றவளைத் திட்டியது மாதிரி. திட்டுகிறவளையும் பெற்றவள் அதே அம்மாதான் என்பதால் பொறுத்துக்கொண்டான்.

"எடை இல்ல, வளையாது, வெடிக்காது. உன் மந்திரக்கோலுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"மரம் வேணும்."

"மரம் கனக்கும்டி. மேடையில தூக்கிக்கிட்டு நிக்கணும்ல?"

"நிப்பேன்."

அவன் அலமாரிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காஸ்ப்ளே என்கிற மாறுவேடப் போட்டிக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. தனக்குப் பிடித்த டிவி தொடரில் வரும் சூனியக்காரியாக வேஷம் கட்டி, உச்சியில் பிறை வைத்த கோலோடு மேடையேற வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட ஆசை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் இருக்கப்போவது இன்னும் ஆறு வாரம்தான் என்று சொல்லியிருந்தார். இனி மருந்து கொடுத்தும் பயனில்லை என்றார். வெளியே வந்து, "மருந்து நல்லா கேக்குதாம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. இனி அவள் சந்தேகப்படாமல் இருக்க, அவள் பார்க்கப்போகாத ஒரு நாளுக்காகக் கோல் செய்துதான் ஆக வேண்டும்.

"ஃபோம் ஷீட் இருக்கும்மா" என்று கடைக்காரர் ஒரு சுருளோடு வந்தார். "சூடு காட்டினா சொன்னபடி கேக்கும். வேஷம் கட்டுற பிள்ளைங்க இதைத்தான் அள்ளிட்டுப் போவாங்க."

"அதுவும் வேண்டாங்க."

"அலுமினியம்?"

"இரும்பு, அலுமினியம் எதுவும் கூடாது. ஒரு ஆணிகூட."

"அப்புறம் பிறையை எப்படி நிறுத்துறது? எச்சில் தொட்டு ஒட்டவா?" என்றான் அண்ணன்.

கடைக்காரர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சுப் போதாமல் சற்று நேரம் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மர ஆப்பு வச்சு இறுக்கி, மாவுப் பசை தடவினா போதும்" என்றாள்.

"மழையில ஊறிப்போகும்."

"மழை படாதுண்ணா."

பிறையின் நடுவே வைக்க, உள்ளே விளக்கு எரிகிற சிவப்புக் கண்ணாடி உருண்டை ஒன்றைக் கடைக்காரர் தேடி எடுத்தார். அவள் அதை ஆசையாகத்தான் பார்த்தாள். அடியில் பேட்டரி இருப்பதைக் கண்டதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சிவப்புப் பருத்தி நூல் கேட்டாள். உருட்டிக் கட்டிக்கொள்வாளாம்.

"தொடர்ல கோல் ஆறரை அடி இருந்துச்சே" என்றான் அண்ணன்.

"என் உயரம் போதும்."

"சூனியக்காரின்னா கோல் தலைக்கு மேல நிக்க வேண்டாமா?"

"இந்தச் சூனியக்காரிக்கு வேண்டாம்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். "யாருடி இத்தனை சட்டம் போட்டது?" என்று கேட்டதற்கு, "போட்டி நடத்தறவங்க. யாருக்கும் அடிபடக் கூடாதாம்" என்று ஒரு துண்டுச்சீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினாள். மரம், பருத்தி, காகிதம், அட்டை சரி. உலோகம், கண்ணாடி, பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி கூடாது. எல்லாம் அவள் கையெழுத்து.

"இதுல இருக்கறதை மட்டும் கொடுங்க. அண்ணா, நான் வண்டியில படுத்துக்கறேன்."

அவளைத் தாங்கிக் கூட்டிப்போய் இருக்கையைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு வந்தான். தண்ணீர்த் தொட்டியைத் தனியாளாக மாடிக்கு ஏற்றுகிறவனுக்கு, தன் கையில் அவள் கனமே இல்லாமல் இருந்தது தாங்க முடியவில்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. தெரிந்த கடையில் எப்படி அழுவது?

கடைக்காரர் ஐந்தடிக்கு ஒரு மெல்லிய மரக்கம்பை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். "ஒரு கை வார்னிஷ் ஓட்டினா காலத்துக்கும் பூச்சி அரிக்காது பிளம்பரே. சீட்டுல அதைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

காலத்துக்கும் என்ற சொல்லை அவன் பிடித்துக்கொண்டான். அவள் போன பிறகு வீட்டு மூலையில் நிற்கப்போவது இந்தக் கோல் ஒன்றுதான். இதுவாவது நிலைக்க வேண்டும். சீட்டின் அடியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. போட்டி நடத்துகிறவர்களுடையதாகத்தான் இருக்கும், கேட்டுவிட்டால் என்ன என்று எண்ணை அழுத்தினான்.

"வணக்கங்க. அந்தக் கோல் விஷயமா பேசறேன். அஞ்சடி மரம் எடுத்தாச்சு. வார்னிஷ் அடிக்கலாமா?"

"அந்தப் பொண்ணோட கோலா?" என்றது ஒரு பெண் குரல். "நேத்து பொறுமையா ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிட்டாங்க. வார்னிஷ் வேண்டாங்க, புகை வரும்."

"மேடையில எப்படிங்க புகை வரும்?"

"மேடையா?" குரல் தயங்கியது. "இது எரியூட்டு நிலையங்க. சவப்பெட்டிக்குள்ள அவங்க பக்கத்துல வைக்கிற கோல்தானே? நீங்க அதைச் செய்யற கடைக்காரர்தானே? அவங்க அண்ணன் காதுல மட்டும் போட்டுடாதீங்க. தங்கச்சிக்குக் குணமாகிடும்னு அவர் இன்னும் நம்பிட்டிருக்காராம். அந்த நம்பிக்கையைக் கெடுக்க அவங்களுக்கு மனசு வரலையாம்."

அண்ணன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தான்.

"ஆமாங்க, கடைக்காரன்தான் பேசறேன்" என்றான். "சொல்ல மாட்டேன்."