தம்பி பேரு இருக்கட்டும்

"அந்த வீட்டுல ஒரு கள்ள ஓட்டு ஒளிஞ்சிருக்கு சார். விடாதீங்க!"

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த அலுவலரிடம், நடுத்தெருவிலேயே நின்று சொன்னார் செல்போன் கடைக்காரர். ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட் அவர். யார் செத்தார்கள், யார் காலி பண்ணிக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அவர் கைகாட்டியது தையல்கார அக்காவின் வீட்டை. கதவைத் தட்டியதும், கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு அக்கா வந்தாள்.

"உங்க தம்பி இங்கதான் இருக்காராம்மா?" என்றார் அலுவலர்.

"ஆமா சார். வேலைக்குப் போயிருக்கான்."

"பச்சைப் பொய்!" ஏஜென்ட் குறுக்கே புகுந்தார். "அவன் வீட்டை விட்டு ஓடி வருஷக்கணக்காச்சு. உசுரோட இருக்கானான்னே தெரியாது. ஏங்க்கா, அந்த ஓட்டை யாருக்கு விலை பேசி வச்சிருக்கீங்க?"

அக்காவின் முகம் சுண்டிப்போனது.

"வந்துடுவான் சார். பேரு மட்டும் இருக்கட்டும்."

அலுவலர் என்ன நினைத்தாரோ, பேரை நீக்காமலே போய்விட்டார். ஏஜென்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டு அன்னைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டார்.

தேர்தல் நாளில் பள்ளிக்கூட வகுப்பறையை விட்டு அவர் அசையவே இல்லை. மத்தியானம் மட்டும் வேறொருவரை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் திரும்பி வரவும் அக்கா உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

ஓட்டைப் போட்டவள் போகாமல் தயங்கி நின்றாள்.

"சார்... எனக்கு அடுத்தது எங்க தம்பி பேரு..."

பட்டியலைப் பார்த்த வாக்குச்சாவடி அதிகாரி, "அவர் போட்டுட்டுப் போயிட்டாரேம்மா" என்றார்.

ஏஜென்ட் துள்ளி எழுந்தார். "பார்த்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல? யாரை அனுப்பினீங்க? போலீஸைக் கூப்பிடுங்க சார்!"

"கத்தாதீங்க. அடையாள அட்டையோடதான் வந்தாரு. போட்டோவையும் முகத்தையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பார்த்தேன். தலை நரைச்சிருக்கு, அவ்வளவுதான். ஆள் அவரேதான்."

அக்கா அதிகாரியின் மேசைப் பக்கம் ஓர் எட்டு வந்தாள்.

"அட்டையா? கோவிச்சுக்கிட்டுப் போனப்ப அது ஒண்ணைத்தான் சார் எடுத்துட்டுப் போனான். பேரு இருந்தா என்னைக்காவது இங்க வந்து நிப்பான்னுதான்..."

அதிகாரியின் குரல் தணிந்தது.

"ஓட்டுப் போட வந்த ஆள் மாதிரியே தெரியலைம்மா. 'எனக்கு மேல இருக்கிறது எங்க அக்கா பேரு. அவங்க வந்தாங்களா'ன்னுதான் முதல்ல கேட்டாரு. இன்னும் வரலைன்னேன். 'பேரு இருக்குல்ல சார், அது போதும்'னாரு."

ஏஜென்ட் யார் முகத்தையும் பார்க்காமல் பைக் சாவியை எடுத்தார்.

"வாங்கக்கா. பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்க மாட்டாரு."

அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடிய அக்கா, சட்டென்று அதிகாரியிடம் திரும்பி வந்தாள்.

"சார்... முகத்தை நல்லாப் பார்த்தீங்கள்ல? சாப்பிட்ட முகமா இருந்துச்சா?"