தரகர் வீட்டு வரிக் கணக்கு

"அப்பா, கால்நடை மருத்துவக் கல்லூரியில எனக்கு இடம் கிடைச்சிருச்சு" என்று மகள் மாடிப்படியிலிருந்தே சொல்லிக்கொண்டு இறங்கினாள். கையில் போன், காலில் ஒற்றைச் செருப்பு. இன்னொன்று எந்தப் படியில் விழுந்ததென்று அவளுக்கே தெரியாது.

வீட்டுத் தரகரான அப்பா, பாதி மழித்த முகத்தோடு ஓடி வந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. சோப்பு நுரையோடு மகளைக் கட்டிக்கொண்டார். உள்ளறையில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா எழுந்து வந்தாள். லாட்ஜுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் அவள். தரகர் வாயில் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. மகளின் கன்னத்தில் ஒட்டிய நுரையைத் துடைத்துவிட்டபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஆனா ஒண்ணுப்பா" என்றாள் மகள். "கல்வி உதவித்தொகை கிடைச்சாதான் நான் சேர முடியும். விண்ணப்பிக்க இன்னைக்குச் சாயங்காலம்தான் கடைசி. நீங்க வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணின நகல் வேணும்."

தரகர் தொழிலில் 'இல்லை' என்ற சொல்லே கிடையாது. வீட்டில் தண்ணீர் வருமா என்று கேட்டாலும், வங்கிக் கடன் கிடைக்குமா என்று கேட்டாலும் ஒரே பதில்தான். பழகிய வாய் தானாகத் திறந்தது.

"முடிச்சிடலாம்மா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தன் வாழ்நாளில் வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால், 'வரி கட்டுறவன் பேசுறேன்' என்று நகராட்சிக்குப் போன் போட்டு வீடே அதிர அதட்டுகிறவர், இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பது? மீதியை மழிக்க மறந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போகிற வழியெல்லாம் பெருமை ஒரு பக்கம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் மகள் டாக்டராகப் போவதைச் சொன்னார். மாட்டு டாக்டரா என்று இழுத்த சலவைக்கடைக்காரரிடம் ஒரே போடாகப் போட்டார். "மனுஷனுக்கு வலிச்சா வாயால சொல்லிடுவான். சொல்லத் தெரியாததுக்கு வைத்தியம் பார்க்கிறதுதான்யா பெரிய படிப்பு."

தெருமுனை திரும்பியதும் பயம் வந்துவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டார். கிடைத்துவிட்டதா என்று மகள் கேட்டால் இந்தப் பாழாய்ப்போன வாய் மறுபடியும் முடிச்சிடலாம் என்றுதான் சொல்லும்.

ஆடிட்டர் அவருக்கு வேண்டியவர். அந்த அலுவலகத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்ததே தரகர்தான். போன வருடத்துக் கணக்கை இப்போதே தாக்கல் செய்து தரும்படி, காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். வருமானம் எவ்வளவு என்று ஆடிட்டர் கேட்டார். தரகருக்கே தெரியவில்லை. ஒரு மாதம் வீட்டுப் பேரம் முடியும், நாலு மாதம் வெறும் பேச்சோடு போகும். ஆனாலும் வீட்டில் அடுப்பு எரியாத நாள் இல்லை, மகளுக்குப் பள்ளிக் கட்டணம் தவறியதும் இல்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தார். அதை ஆடிட்டரிடமும் சொன்னார்.

ஆடிட்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தாக்கல் செய்யும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார். "நேரா வீட்டுக்குப் போய் உங்க வீட்டம்மாகிட்ட மனசு விட்டுப் பேசுங்க. அப்புறம், முகத்துல பாதி இன்னும் பாக்கி இருக்கு."

குத்திக் காட்டுகிறார் என்று தரகருக்குச் சுருக்கென்றது. வேறு இடங்களிலும் முட்டி மோதிப் பார்த்தார். தாக்கல் செய்யாதவர்கள் வருமானச் சான்றிதழ் வைக்கலாமாம், ஆனால் அது கைக்கு வர ஒரு வாரம் ஆகுமாம். வெயில் தாழ்ந்துவிட்டது. பெற்ற பெண்ணின் படிப்புக்குத் தானே எமனாகிவிட்டோமே என்று நினைத்தபடியே வீட்டை நோக்கி நடந்தார். இனி உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

வீட்டில் மகள் பாடிக்கொண்டே பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நான் வரிக் கணக்கு தாக்கல் பண்ணினதே இல்லம்மா" என்றார், நின்ற இடத்திலேயே. "காலையிலேயே சொல்லியிருக்கணும், வாய் வரல. என்னால உன் படிப்பு போச்சு."

மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கிளம்பினதுமே அம்மா சொல்லிட்டாங்கப்பா. உங்க பேருக்கு நேரா 'தாக்கல் செய்யவில்லை'ன்னு போட்டு அப்பவே விண்ணப்பிச்சாச்சு. ஏத்துக்கிட்டதா பதிலும் வந்துடுச்சு. அதைச் சொல்லத்தான் நாள் பூரா கூப்பிட்டோம், நீங்க போனை அணைச்சுட்டீங்க."

தரகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகிழ்ச்சியில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. அப்பாவின் கணக்கே இல்லாமல் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார்.

அம்மா மெஷினை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"வீடு யாரோட சம்பாத்தியத்துல நடக்குதோ, அவங்க கணக்குதாங்க வேணும்னு போட்டிருந்தது. உங்க ஆடிட்டர்கிட்ட வருஷா வருஷம் நான் தாக்கல் பண்ணிட்டு வர்றேன்ல, அதை அனுப்பிட்டோம்."