யதுசனுக்கு ஒரு தலையணை

சீவரத்தினம் நாலாவது தலையணையிலும் கன்னத்தை வைத்துப் பார்த்தார். நெல்லியடிக் கடைக்கு வந்த சனமெல்லாம், இந்த மனுசனுக்கு என்ன பிடித்தது என்று திரும்பிப் பார்த்தது. அவர் ஒருவரையும் சட்டை செய்யவில்லை.

"இதுவும் சரிவராது பிள்ளை. சில்லெண்டு கிடக்கு."

"அது பைபர் ஐயா. ஸ்பொஞ்சை விடப் பரவாயில்லை," என்றாள் கடையில் நின்ற பெண். "ஆருக்கு வாங்குறியள்?"

"மகனுக்கு. சின்னனிலை இருந்தே அவனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. மார்கழியிலை தலையிலை துவாய் சுத்தாமல் படுக்கமாட்டான்."

"தம்பி வெளிநாட்டிலையோ?"

"ஓம். பனி கொட்டுற இடம்."

"அப்ப உங்களுக்கு இலவம்பஞ்சுதான் சரி." அவள் மேல்தட்டில் இருந்து ஒன்றை இழுத்துத் தட்டிக் கொடுத்தாள். "ஆனா தலகணி தானாச் சூடாகாது ஐயா. படுக்கிற ஆளின்ரை தலைச்சூட்டைத்தான் அது பிடிச்சு வைச்சிருக்கும்."

சீவரத்தினம் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யதுசனின் தலைச்சூடு அடங்கி இன்றோடு பதினாறு நாள்.

ஏஜென்சிக்காரன் போலந்து எல்லைக் காட்டில் இறக்கிவிட்டுப் போனவன் போனவன்தான். இரண்டு நாள் பனியில் நடந்த பிள்ளை மூன்றாம் நாள் எழும்பவில்லை. லண்டனில் இருக்கிற மருமகன் முறையான றஜிந்தன்தான் ஓடித்திரிந்து அலுவல் பார்த்தவன். அவனும் ஒரேயடியாகச் சொல்லவில்லை. முதல்நாள் சுகமில்லை என்றான், அடுத்தநாள் ஆஸ்பத்திரி என்றான். மூன்றாம் நாள், "மாமா, கதிரையிலை இருந்துகொண்டு கதையுங்கோ," என்றான்.

வெள்ளிக்கிழமை உடல் வீட்டுக்கு வருகிறது. பெற்றவள் நாகேஸ்வரிக்கு இன்னும் தெரியாது. போன வருசம்தான் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்த மனுசி. சடாரென்று சொன்னால் அவளையும் சேர்த்துத் தூக்கவேண்டி வரும். நாளைக்குக் கனடாவில் இருந்து மகள் கீர்த்திகா வந்து இறங்கட்டும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுவோம் என்று சீவரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அகதிக் காம்பில் போனைப் பறித்துவிட்டார்களாம் என்று ஒரு பொய். அதை மூடப் பத்துப் பொய். அழுகை வந்தால் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுவார்.

இப்படி இருக்கையில்தான் இன்று காலை தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு அவள் கேட்டாள்.

"இஞ்சருங்கோ, யதுசனுக்கு ஒரு நல்ல தலகணி வாங்கிக்கொண்டு வாங்கோ. பிள்ளைக்குத் தலை குளிரும்."

ஐயோ, மனுசன் என்ன சொல்லுவார்? வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஓம் என்று தலையாட்டினார். பொய் பொய்யாகத் தெரியக்கூடாதே என்று ஒரு கேள்வியும் கேட்டுவைத்தார்.

"மிளகாய்த்தூளும் இடிப்பிச்சுக்கொண்டு வரட்டோ? ஒடியல் மா ஏதும்?"

"ஒண்டும் வேண்டாம். தலகணி மட்டும் காணும்."

வெளிநாட்டுக்குப் போட ஒரு சேட்டு அனுப்பினாலும் அதோடு மூன்று கிலோ தூளைக் கட்டி, "பிள்ளை அங்கை வாய்க்கு ருசியா என்னத்தைத் தின்னுது," என்று மூக்குச் சிந்துகிறவள். நல்லகாலம், ஒரு வேலை குறைந்தது என்று சீவரத்தினம் சைக்கிளை எடுத்தார்.

"பாசலிலை இடம் பிடிக்கும் ஐயா. அமத்திக் கட்டித் தரட்டோ?" கடைப் பெண் கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அமத்தாதை. உப்பிடியே தா."

வல்வெட்டித்துறைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. கண் சிவந்திருந்தால் காற்றின்மேல் பழியைப் போடலாம் என்று நினைத்துக்கொண்டே உழக்கினார்.

நாகேஸ்வரி தலையணையை இரண்டு கையாலும் வாங்கினாள். அவர் செய்ததுபோலவே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"இலவம்பஞ்சு," என்றார் சீவரத்தினம்.

"நல்லது."

அலுமாரியில் இருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்தாள். புதிது, கைத்தையல். இவள் இதை எப்போது தைத்தாள் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் நாளைவரைக்கும்தானே என்று, கையிருப்பில் இருந்த கடைசிப் பொய்யையும் எடுத்து விட்டார்.

"பருத்தித்துறையிலை ஒரு பெடியன் அந்தப் பக்கம் வெளிக்கிடுறானாம். அவனிட்டைக் குடுத்துவிடுவம்."

அவள் நிமிரவில்லை. உறையைத் தலையணைக்குப் போட்டு மூலை மூலையாக இழுத்து விட்டாள்.

"பிரஷர்க் குளிசை போட்டியளோ?"

"மறந்துபோனன்."

செம்பில் தண்ணீரும் குளிசையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, அவருடைய தோளைப் பிடித்து மெல்ல அமர்த்தினாள்.

"இதிலை இருங்கோ."

"ஏனப்பா, என்ன?"

நாகேஸ்வரி தலையணையை அவருடைய மடியில் வைத்தாள்.  

"வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தவுடனை, பிள்ளையின்ரை தலைக்கு இதை வையுங்கோ. றஜிந்தன் முதல் எனக்குத்தான் சொன்னவன். நீங்கள் தாங்கமாட்டியள், மாமாவுக்கு மெல்ல மெல்ல ஆறுதலாச் சொல்லடா எண்டு சொன்னது நான்."