சீட்டுக் குலுக்கிப் போட்ட ஊசி

ஓர் ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த கூண்டுகளில் இரண்டு வெள்ளெலிகள் இருந்தன. அடையாளத்துக்காக ஒன்றின் வாலில் சிவப்பு மையும் மற்றொன்றின் வாலில் நீல மையும் தடவியிருந்தார்கள். ஒரே நாளில் இரண்டுக்கும் ஊசி போட்டார்கள். சில வாரம் கழித்து இரண்டுக்கும் ஒரே வைரஸைக் கொடுத்தார்கள். நீலவால் காய்ச்சலில் சுருண்டது. சிவப்புவாலுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

“தீனியைப் பாதியில வச்சா இப்படித்தான். என்னைப் பாரு, உருக்கு மாதிரி இருக்கேன்” என்றது சிவப்புவால்.

“உன் உடம்பு எனக்கு வாய்க்கலையே, அண்ணே” என்று முனகியது நீலவால்.

மேசைமேல் இருந்த உப்புநீர்ப் புட்டிக்குப் பொறுக்கவில்லை.

“அடேய் உருக்கு! உனக்குப் போட்டது தடுப்பூசி. அவனுக்குப் போட்டது என்கிட்ட எடுத்த வெறும் உப்புத் தண்ணி. சீட்டுக் குலுக்கித்தான் பிரிச்சாங்க. மாறி விழுந்திருந்தா நீ அங்க கிடப்பே.”

சிவப்புவால் அன்று தீனியைத் தொடவில்லை.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று கடைசியில் கேட்டது.

“வைரஸை எதிர்க்கிற சத்து உன் ரத்தத்துல ஊறியிருக்கு. உன் வால்ல குத்தி அதை எடுத்து அவனுக்குக் கொடுத்துப் பார்க்க நாளைக்கு வருவாங்க. நீதான் கையைக் கடிச்சிட்டு ஓடுற ஆளாச்சே!”

மறுநாள் காலையில் கூண்டு திறந்தது. கடிபட்டுப் பழகிய கையுறைக் கை தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

“வலிக்குமே, அண்ணே” என்றது நீலவால்.

“எனக்கு வரவேண்டிய காய்ச்சலடா அது. பேசாம படு.”

சொல்லிவிட்டு, சிவப்புவால் திரும்பி உட்கார்ந்து தன் வாலைத் தானே அந்தக் கையில் வைத்தது.