எந்த லாரி நல்லது?

சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி கடலூர் ஒர்க் ஷாப்புக்கு வந்த மாலதி, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மெக்கானிக் மரிய ஜோசப்பைக் கேள்வியால் துளைத்தாள்.

"வடநாடு போயி வர எந்த லாரிண்ணே நல்லது? புது மாடலா, பழைய மாடலா?"

"புதுசுதாம்மா சொகுசு. டீசலும் கம்மியாத்தான் குடிக்கும். பழசுல இஞ்சின் சூட்டுல டிரைவர் வெந்துடுவான்."

"வழியில நின்னுட்டா?"

"பழச எந்த ஊரு மெக்கானிக்கும் சரி பண்ணி அனுப்பிடுவான். புதுசு லேசுல நிக்காது. நின்னுச்சுன்னா, சாமான் வர்ற வரைக்கும் ரோட்டோரமே கெடக்க வேண்டியதுதான்."

"அப்ப பழசே போதும்ணே."

"நல்ல வண்டி ஒண்ணு கைவசம் இருக்கு. வீட்டுக்காரர வந்து ஓட்டிப் பாக்கச் சொல்லும்மா."

"ஐயோ, வாங்க வரலண்ணே! எம் பொண்ணுக்கு ரெண்டு வரன் வந்திருக்கு. ரெண்டு பேருமே லாரி டிரைவரு. ஒருத்தரு பழசு ஓட்டுறாரு, இன்னொருத்தரு புதுசு. லாரிக்காரருக்கு வாக்கப்பட்டு, வாசலப் பாத்தே என் பாதி ஆயுசு போயிடுச்சு. மாப்பிள்ளைங்களப் பத்தி ஊர்ல விசாரிச்சாச்சு. சொன்ன நாள்ல வீடு கொண்டாந்து சேக்குமான்னு வண்டியையும் விசாரிக்கணும்ல?"