மூன்று கிறிஸ்துமஸ் கவுன்கள்

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் ஜெப்சனுக்கு இனி இரண்டு வருடம் லீவு கிடையாது. அதனால் ஐந்து வயது மகள் ஷெரினுக்கு மூன்று கிறிஸ்துமஸுக்கும் சேர்த்து மூன்று கவுன் அனுப்பினான். அந்த ஊரில் பிள்ளைகளின் உடுப்புக்கு உயரம்தான் அளவு. ஐந்து வயதுக்கு 110, ஆறுக்கு 116, ஏழுக்கு 122.

மார்த்தாண்டத்து வீட்டில் ஜாஸ்பின் பார்சலைப் பிரித்தாள். சிவப்புக் கவுன் ஷெரினுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மற்ற இரண்டின் லேபிளிலும் 110 என்றே இருந்தது.

"மூணும் ஒரே சைஸுல்லா வந்திருக்கு," என்று கணவனிடம் போனில் சொன்னாள்.

"இல்லட்டி, நான் பாத்துதான் ஆர்டர் போட்டேன். கடைக்காரன் மாத்தியிருப்பான்."

திருப்பி அனுப்பி, மாற்றி வந்தவையும் 110தான். ஜாஸ்பினுக்கு, பிள்ளை ஐந்து வயதைத் தாண்டாதோ என்று பயம் வந்தது. ஜெப்சனுக்குக் கோபம் வந்தது. இந்தமுறை கடைக்கே போனான். ஏழு வயதுக்கான வெள்ளைக் கவுனைத் தன் கையால் எடுத்து, பெட்டியில் வைத்து ஒட்டி அனுப்பினான்.

பெட்டி வந்தது. லேபிளில் 122 என்று பார்த்ததும்தான் ஜாஸ்பினுக்கு மூச்சு வந்தது. கட்டிலில் விரித்து, சிவப்புக் கவுனை அதன்மேல் வைத்தாள். தோளும் விளிம்பும் நூல் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன.

சாயங்காலம் ஜெப்சன் வீடியோவில் வந்தான். "இப்ப சரியா இருக்கா?"

"கொஞ்சம் பெருசுதான். வளந்த பொறவு இடலாம்."

"பிள்ளைக்கு இட்டுக் காட்டு, பாப்போம்."

ஷெரின் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் சுற்றிக்கொண்டிருந்தாள். தோளில் தொளதொளக்கவில்லை. காலில் தட்டவில்லை.

ஜாஸ்பின் போனைத் திருப்பவில்லை.

"அவ உறங்கிட்டா," என்றாள்.